எட்டுப் பேர், ஒரு படகு, ஒரு வாரம்: மிடி கால்வாயில் எங்கே ஏறி எங்கே இறங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். ஐம்பதை நெருங்கும் கல்லூரி நண்பர்கள் எட்டுப் பேர், அதில் மூவர் சைவம். அடுத்த வருடம் தெற்குப் பிரான்சில் ஒரு வாரம் படகை வாடகைக்கு எடுத்து மிடி கால்வாய் வழியே ஊர் ஊராகப் போக வேண்டும். படகோட்ட யாருக்கும் தெரியாது. கர்கஸோனில் ஏறி பெசியேயில் இறங்குவதாகத் திட்டம். நடக்குமா? கால்வாய் சரியான கால்வாய்தானா?

கால்வாய் சரி. திட்டத்தில்தான் பாதியை வெட்டச் சொல்வேன்.

கர்கஸோனிலிருந்து பெசியே ஏறக்குறைய 100 கிலோமீட்டர். காரில் ஒரு மணி நேரத்துச் சமாச்சாரம் என்பதால் ஒரு வாரம் தாராளம் என்று தோன்றும். ஆனால் கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர், உண்மையில் ஆறு, ஏழுதான் வரும். கரையோரப் பாதையில் சைக்கிளில் போகும் பாட்டி உங்களைத் தாண்டிப் போவார். அதோடு அந்தத் தூரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட லாக் தொட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் காத்திருந்து, நுழைந்து, கயிறு பிடித்து, வெளியே வர வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை, பலர் முடிக்கிறார்கள். ஆனால் முதல் மூன்று நாள் லாக்கைத் தவிர வேறு எதுவும் நினைவில் நிற்காது. எட்டு நண்பர்கள் இத்தனை வருடம் கழித்து ஒன்றுகூடுவது கயிறு பிடிக்கவா?

லாக் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதை வைத்துத்தான். கால்வாய் மேடு ஏற வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் கதவு வைத்த கல் தொட்டி ஒன்று இருக்கும். கீழ்க்கதவு வழியாகப் படகு உள்ளே போகும், கதவு மூடும், மேலேயிருந்து தண்ணீரை உள்ளே விடுவார்கள். படகு தண்ணீரோடு உயரும், மேல்கதவு திறக்கும். இறங்கும்போது இதே வேலை தலைகீழ். மிடி கால்வாயின் தொட்டிகள் மட்டும் செவ்வகமாக இல்லாமல், நடுவில் புடைத்து முட்டை வடிவில் இருக்கும். ஆரம்பத்தில் நேர்ச்சுவர் வைத்துக் கட்டிய ஒன்று மண்ணின் அழுத்தம் தாங்காமல் சரிந்தது. அதன் பிறகு வளைவான சுவர்தான் என்று ரிக்கே முடிவு செய்தார். அழகுக்காகச் செய்தது என்று வழிகாட்டிகள் சிலர் சொல்வதை நம்ப வேண்டாம்.

பியேர்-போல் ரிக்கே பொறியாளர் அல்ல. அந்தப் பகுதியில் உப்பு வரி வசூலிக்கும் குத்தகைக்காரர், பெசியேக்காரர். அட்லாண்டிக்கையும் மத்தியதரைக் கடலையும் பிரான்சுக்குள்ளேயே இணைத்துவிட்டால் கப்பல்கள் ஸ்பெயினைச் சுற்றி ஜிப்ரால்டர் வழியாகப் போக வேண்டாம் என்பது பழைய கனவு. எல்லோரும் மாட்டிக்கொண்டது ஒரே இடத்தில். நடுவில் 189 மீட்டர் உயரத்தில் நொரூஸ் மேடு. ஒவ்வொரு முறை லாக் திறக்கும்போதும் மேட்டிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் இறங்கிப் போய்விடும். அத்தனை தண்ணீரை மேட்டுக்கு எங்கிருந்து கொண்டுவருவது? வடக்கே இருந்த மோந்தாஞ் நுவார் மலையின் ஓடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பி, சேன்-ஃபெரயோலில் அணை கட்டித் தேக்கி, அங்கிருந்து நொரூஸுக்குக் கொண்டுவரலாம் என்றார் ரிக்கே. 14ஆம் லூயியின் அமைச்சர் கோல்பேருக்கு எழுதி, 1666-ல் அரச ஆணை வாங்கினார். அப்போது அவர் ஐம்பதைத் தாண்டியவர், உங்கள் கோஷ்டியைவிட மூத்தவர். அணை 1667-லிருந்து 1672 வரை கட்டப்பட்டது. வேலை உச்சத்தில் இருந்தபோது 12,000 பேர் மண் வெட்டினார்கள், பெண்களும் அதில் உண்டு. ரிக்கே 1680 அக்டோபரில் இறந்தார். கால்வாய் திறந்தது 1681 மே மாதம். 240 கிலோமீட்டர் கட்டியவர் ஒரு முறைகூட முழுவதும் படகில் போகவில்லை. 1996-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நீங்கள் மிதக்கப்போகும் தண்ணீர் இன்றைக்கும் அந்த மலையிலிருந்துதான் வருகிறது.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம்.

கர்கஸோனை விட்டுவிட்டு ஓம்ப்ஸ் என்ற சிறிய ஊரில் ஏறுங்கள். ஒரு காலத்தில் ஒயின் பீப்பாய்கள் ஏற்றிய துறை, இப்போது படகு வாடகை நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே ஓன்யோன், பெஷ்லோரியே, ஆர்ஜான்ஸ் என்று போகும் வழியில் சில தொட்டிகள்தான். எல்லாமே இறக்கம், கற்றுக்கொள்ள ஏற்ற அளவு. ஆர்ஜான்ஸைத் தாண்டினால் பெசியே வரைக்கும் 54 கிலோமீட்டர் ஒரு லாக்கும் கிடையாது. மலைச்சரிவை ஒட்டி, ஒரே மட்டத்தில், வளைந்து வளைந்து போகும். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, பக்கத்து வயலைவிட உயரத்தில் நீங்கள் மிதந்துகொண்டிருப்பீர்கள். மிடி கால்வாயில் நிம்மதியாகப் பேசிக்கொண்டே போகக்கூடிய இடம் இதுதான். புதியவர்களுக்கு இதைவிட நல்ல நீர் பிரான்சில் எனக்குத் தெரிந்து இல்லை. புர்கோஞ் கால்வாயில் 242 கிலோமீட்டருக்கு 189 லாக். நிவெர்னே கால்வாய் மிக அழகு, ஆனால் பல லாக்குகளைக் கையால் சுழற்ற வேண்டும். இரண்டாவது முறை போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வழியில் பராஸாவுக்குப் பக்கத்தில் ரெபூத்ர் நீர்ப்பாலம் வரும். ஓடைக்கு மேலே கல்பாலம், பாலத்துக்கு மேலே கால்வாய், கால்வாயில் நீங்கள். 1676-ல் ரிக்கே கட்டியது. சொல்லாவிட்டால் கவனிக்காமல் தாண்டிவிடுவீர்கள், பாலத்தின் மேல் போகிறோம் என்பதே தெரியாத அளவுக்குக் குறுகிய இடம். முன்னாலேயே யாராவது ஒருவரைக் கரையில் இறக்கிவிடுங்கள், கீழிருந்து படம் எடுக்கட்டும். அடுத்து வான்தெனாக். கரையிலேயே ஒயின் கிடங்கு, படகைக் கட்டிவிட்டு ஏறிப் போய் மினர்வுவா ஒயின் ருசி பார்த்து வாங்கலாம். ஸ்டியரிங் பிடிக்கிறவர் மட்டும் சாயங்காலம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும், அது சட்டப் பிரச்சினையும்கூட.

பிறகு லெ சொமாய். இங்கே ஒரு ராத்திரி கட்டாயம் தங்குங்கள். கூன் போட்ட பழைய கல்பாலம், அதை ஒட்டிச் சின்ன தேவாலயம், பழைய புத்தகங்கள் பல்லாயிரம் அடுக்கிய ஒரு பெரிய கடை. ரயில் வருவதற்கு முன்பு துலூஸிலிருந்து அக்த் வரை குதிரை இழுத்த தபால் படகு நான்கு நாள் ஓடியது. அந்தப் பயணிகள் இரவு தங்கிய ஊர்களில் இது ஒன்று. 1787-ல் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனும் இந்தக் கால்வாயில் வந்தார். தன் குதிரை வண்டியின் சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் படகின் மேல்தட்டில் வைத்து, வண்டிக்குள் உட்கார்ந்தபடியே ஒற்றைக் குதிரை இழுக்கப் பயணம் செய்தார். போர் அடித்தால் இறங்கிக் கரையில் நடந்தார். நீங்களும் அதையே செய்யலாம், படகைவிட நீங்கள் கொஞ்சம்தான் மெதுவாக இருப்பீர்கள்.

லெ சொமாயைத் தாண்டியதும் முடிவெடுக்க வேண்டும். வலது பக்கம் ஒரு கிளை பிரிகிறது. ஐந்து கிலோமீட்டரில் ஏழு லாக், பெரும்பாலும் நீங்களே பொத்தானை அழுத்தி இயக்குவது. பிறகு ஓட் ஆற்றைக் குறுக்கே கடந்து ரொபீன் கால்வாயில் நுழைந்தால் நார்போன் நகரத்தின் நடுவுக்கே போய்விடலாம். வீடுகளைச் சுமந்து நிற்கும் வணிகர் பாலத்தின் அடியில் படகு நுழையும். பேராயர் மாளிகை முன் சதுக்கத்தில் ரோமானியர் போட்ட தோமித்தியா சாலையின் கற்களைத் தோண்டி வெளியே தெரியும்படி விட்டிருக்கிறார்கள். 1901-ல் திறந்த இரும்புக்கூரை மார்க்கெட் கால்வாய்க்குப் பக்கத்தில். காய்கறி, மீன், சீஸ் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு இடம் போதும்.

கிளையில் திரும்பாமல் நேராகப் போனால் காப்பெஸ்தாங், கொலோம்பியே. காப்பெஸ்தாங் தேவாலயக் கோபுரம் தெரிய ஆரம்பித்த பிறகும் ஊர் வந்து சேர நேரமாகும், கால்வாய் அப்படிச் சுற்றும். அங்கே உள்ள பாலம் இந்தக் கால்வாயிலேயே மிகத் தாழ்வானவற்றில் ஒன்று. மேல்தட்டுக் குடையை மடக்கி, எல்லோரும் உட்கார்ந்துவிட வேண்டும். நண்பர்களில் உயரமானவர் ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்பார், நம்பாதீர்கள். கொலோம்பியேக்குச் சற்று முன்னால் மால்பா சுரங்கம். சுமார் 165 மீட்டர் நீளம், படகு போகக் குடைந்த சுரங்கங்களில் ஐரோப்பாவிலேயே முதலாவது. அதே குன்றுக்குள் கால்வாய்க்குக் கீழே ரயில் சுரங்கம் ஒன்று, அதற்கும் கீழே இடைக்காலத்து வடிகால் ஒன்று. அந்த வடிகால் மோந்தாதி ஏரியை வற்ற வைக்க 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது. குன்றின் மேல் ஆன்செரூனுக்கு ஏறிப் பாருங்கள். ஏரி இருந்த இடத்தில் வயல்கள் ஒரே மையத்திலிருந்து ஆரம் ஆரமாகப் பிரிந்து கிடக்கும்.

நார்போன், கொலோம்பியே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் மறுபடி ஓட்டம்தான். என்னைக் கேட்டால் நார்போன். லாக் வேலை முதல் நாளே பழகிவிடும், பெரிய ஊரின் நடுவில் படகைக் கட்டிவிட்டுப் படகிலேயே தூங்குவது தனி சுகம்.

பெசியேயின் ஃபோன்செரான் படிக்கட்டு லாக்கைப் பார்க்காமல் வருவதா என்று கேட்பீர்கள். தாராளமாகப் பாருங்கள், ஆனால் அதற்கு நேர்வழியில் போய், கொலோம்பியேவில் படகைக் கட்டிவிட்டு சைக்கிளில் போய்ப் பாருங்கள். தொட்டிக்கு மேல் தொட்டியாக 21 மீட்டருக்கு மேல் ஏறும் அந்த வேலையைப் பார்க்கத் தினமும் கூட்டம் கூடும். இறங்கக் குறிப்பிட்ட நேரம், ஏறக் குறிப்பிட்ட நேரம், படகுகள் வரிசையில் நிற்கும். புதிதாக ஓட்டுகிறவர் தடுமாறுவதைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம்.

இப்போது ஓட்டும் விஷயம். பிரான்சில் வாடகைப் படகுக்கு லைசென்ஸ் வேண்டாம். நிலையத்தில் காட்டிக்கொடுத்து, ஒரு சுற்று ஓட்ட வைத்து, தற்காலிக அட்டை ஒன்று தருவார்கள். 15 மீட்டர் வரை நீளமுள்ள படகை அந்த அட்டையை நம்பி உங்கள் கையில் ஒப்படைத்துவிடுவார்கள். முதல் அரை மணி நேரம் படகு பாம்பாக நெளியும். காரணம் எளிது: ஸ்டியரிங்கைத் திருப்பிச் சில விநாடி கழித்துத்தான் படகு திரும்பும். திரும்பவில்லையே என்று இன்னும் கொஞ்சம் திருப்புவீர்கள், அப்புறம் மொத்தமாகத் திரும்பும். கொஞ்சமாகத் திருப்பி, காத்திருந்து, நேராக்குங்கள். பிரேக் கிடையாது, ரிவர்ஸ்தான் பிரேக். விசிறி சுழலாவிட்டால் சுக்கானுக்குப் பலம் இல்லை, அதனால் பயந்துபோய் எஞ்சினை நியூட்ரலில் போட்டால் திருப்பவே முடியாது. செர்ஸ் என்று வடமேற்கிலிருந்து ஒரு காற்று அடிக்கும். உயரமான படகைப் பக்கவாட்டில் தள்ளும், அன்றைக்கு லாக்குக்குள் நுழைய இரண்டு மடங்கு கவனம் வேண்டும்.

லாக்கில் நான்கு பேருக்கு வேலை. ஒருவர் ஸ்டியரிங், முன்கயிறு ஒருவர், பின்கயிறு ஒருவர், கரையில் ஒருவர். மேலே ஏறும்போது சுவர் தலைக்கு மேலே இருக்கும். அதனால் கரை ஆளை லாக்குக்கு முன்னாலேயே இறக்கிவிட வேண்டும். அவர் மேலே போய் நின்று, கீழேயிருந்து எறியும் கயிற்றைப் பிடித்து, அங்குள்ள இரும்பு முளையைச் சுற்றிவளைத்து நுனியை மறுபடி படகுக்கே தருவார். முடிச்சு மட்டும் போடவே கூடாது. ஏறும்போது தொய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும், இறங்கும்போது விட்டுக்கொண்டே போக வேண்டும். இறங்கும்போது கட்டிப்போட்ட கயிறு, தண்ணீர் வடிந்த பிறகு படகைச் சுவரில் தொங்கவிடும். ஏறும் தொட்டியில் மேல்கதவிலிருந்து தண்ணீர் பீய்ச்சி வரும்போது முன்பக்கம் துள்ளும், முன்கயிறு பலசாலி கையில் இருக்கட்டும். பக்கவாட்டில் தொங்கும் காற்றடைத்த உருளைகள் மோதலைத் தாங்கத்தான் இருக்கின்றன. சுவரில் இடிக்கப்போகிறது என்று கையையோ காலையோ நீட்டுவதுதான் உண்மையான ஆபத்து, பல டன் எடை அது. படகு இடித்தால் இடிக்கட்டும்.

லாக்கை இயக்கும் பணியாளர்களுக்கு மதியம் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. அது யாருக்காகவும் தள்ளிப்போகாது. பன்னிரண்டரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய் நின்று கையாட்டினால் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவார்கள். அந்த நேரத்தில் நீங்களும் சமைத்துச் சாப்பிடுங்கள். போனதும் ‘போன்ஷூர்’ சொல்ல மறக்காதீர்கள், சொல்லாமல் கேள்வி கேட்டால் அங்கே முகம் மாறும்.

ராத்திரி எங்கே வேண்டுமானாலும் கரையில் கட்டலாம் என்பது இந்தப் பயணத்தின் பெரிய சலுகை. படகில் இரும்பு முளைகளும் சுத்தியலும் இருக்கும், கரையில் அடித்துக் கட்டுங்கள். மரத்தில் கட்டக் கூடாது. படங்களில் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்களே, இரண்டு கரையிலும் கூடாரமாகக் கவியும் பிளேன் மரங்கள், அவற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுமார் 42,000 இருந்தன. 2006-ல் ஒரு பூஞ்சை நோய் தென்பட்டது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைகள் கொண்டுவந்த மரப்பெட்டிகளோடு ஐரோப்பாவுக்கு வந்ததாகக் கருதப்படுவது. மருந்து கிடையாது, வேர் வழியாகவும், மரத்தில் உரசும் கயிறு வழியாகவும், தண்ணீர் வழியாகவும் பரவும். பாதிக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டி அங்கேயே எரித்துவிட்டார்கள். வேறு வகை மரங்களை நட்டு வருகிறார்கள், அவை நிழல் தர இன்னும் காலம் ஆகும். அதனால் பல இடங்களில் கரை மொட்டையாகத்தான் இருக்கும். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெயில், லாக்கில் வரிசை, எகிறும் வாடகை. மே கடைசி, ஜூன், செப்டம்பர் நல்லது. குளிர்காலத்தில் பராமரிப்புக்காகக் கால்வாயையே மூடிவிடுவார்கள்.

கால்வாயில் குளிக்க இறங்காதீர்கள், தடையும் உண்டு. பல பழைய படகுகளின் கழிவறை எங்கே போய்ச் சேருகிறது என்று விசாரித்தால் ஆசையே போய்விடும்.

சாப்பாடு. ஊர் உணவகங்களில் வாத்தும் பன்றியும்தான் பிரதானம். இந்த வட்டாரத்தின் பெருமையான கஸூலே, மொச்சை மாதிரி தெரிந்தாலும் உள்ளே வாத்து, பன்றி, சாசேஜ் எல்லாம் இருக்கும், சைவர்கள் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். படகிலேயே கேஸ் அடுப்பும் ஃபிரிட்ஜும் உண்டு. குக்கர் கொண்டுபோங்கள். மிக்ஸி வேண்டாம், துறையில் மின் இணைப்பு கொடுத்தால்தான் வீட்டு மின்சாரம், நடுவழியில் பேட்டரிதான். பொடிவகைகளை வீட்டிலேயே அரைத்து எடுத்துக்கொண்டால் பருப்பும் சோறும் ரசமும் தடையில்லை. மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும்: காலை ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், பிறை வடிவில் இருக்கும் லூக் என்ற பச்சை ஆலிவ். சின்ன ஊர்களில் கடை மதியம் சாத்திவிடும், திங்கட்கிழமை ரொட்டிக்கடையே சில இடங்களில் திறக்காது. ஞாயிறன்றே இரண்டு நாளுக்கு வாங்கி வையுங்கள்.

எட்டுப் பேருக்கு எட்டுப் படுக்கை உள்ள படகு என்று விளம்பரம் சொல்வதில் ஹாலில் உள்ள சோபாவை விரித்துப்போடும் படுக்கையும் சேர்த்தி. அங்கே படுக்கிறவர் எல்லோரும் தூங்கிய பிறகு தூங்கி, எல்லோருக்கும் முன்னால் எழுந்தாக வேண்டும். ஐம்பது வயதில் அது சண்டைக்கு வழி. நான்கு மூடிய அறை உள்ள படகாகக் கேளுங்கள், கழிவறை இரண்டாவது இருக்கட்டும். இன்னும் நல்லது, நான்கு பேருக்கான படகு இரண்டு எடுப்பது. லாக் பெரிதுதான், இரண்டும் சேர்ந்தே நுழையும். குறட்டைக்காரர்களை ஒரு படகிலும் மற்றவர்களை இன்னொன்றிலும் பிரிக்கலாம்.

வாடகைக்கு மேல் டீசல் தனி, எஞ்சின் ஓடிய மணிக்கணக்கில் போடுவார்கள். முன்பணம் பிடித்து வைப்பார்கள், அதற்குக் காப்பீடு எடுப்பது நல்லது. இரண்டு சைக்கிளாவது சேர்த்து எடுங்கள், ரொட்டி வாங்க உதவும். ஒருவழிப் பயணத்துக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, ஓம்ப்ஸுக்கே திரும்புவதாக இருந்தால் அதுவும் மிச்சம். திரும்பி வரும்போது ஆர்ஜான்ஸிலிருந்து எல்லாத் தொட்டியும் ஏற்றம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். படகைக் காலையில் சீக்கிரம் ஒப்படைக்கச் சொல்வார்கள், அதனால் கடைசி இரவுக்கு முன்பே ஓம்ப்ஸ் வந்து சேர்ந்துவிடுங்கள்.

கர்கஸோன் கோட்டையை விட்டுவிட வேண்டியதில்லை. துலூஸில் விமானம் இறங்கி ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். படகு ஏறுவதற்கு முந்தைய நாளை அங்கே கழியுங்கள். செவ்வாய், வியாழன், சனி என்றால் கார்னோ சதுக்கச் சந்தையும் இருக்கும், மளிகையை அங்கேயே முடித்துக்கொண்டு டாக்ஸியில் ஓம்ப்ஸ் போகலாம். சொல்லப்போனால் ரிக்கேயும் கர்கஸோனை ஒதுக்கிவிட்டுத்தான் போனார். செலவில் பங்கு தர ஊர் மறுத்ததால் கால்வாயை வெளியே தள்ளி வெட்டினார். ஊருக்குள் அதைத் திருப்பிக்கொண்டுவர அவர்களுக்கு 1810 வரை ஆனது.